கண்காம்பு

பெண் இறாலை ஈரத்துணியில் சுற்றிப் பிடிப்பேன்,
தலை மட்டும் வெளியே.
ஓடு கெட்டிப்பட்டிருக்க வேண்டும்;
சட்டை உரித்த புதிதில் கைவைத்தால் செத்துப்போகும்.
அடுப்பில் சிவந்த இடுக்கி.
இடக்கண்ணின் காம்பில் ஓர் அழுத்து,
ஒன்று சொல்லி முடிக்கும் நேரம்தான்.
தொட்டியில் விட்டால்
ஒருச்சாய்த்து ஒரு சுற்று சுற்றிவிட்டு
கணவாய்த் துண்டுக்கு வந்துவிடும்.

கண்ணில் அப்படி என்ன இருக்கிறது என்று
வேலைக்குச் சேர்ந்த வாரமே கேட்டேன்.
பார்வை மட்டுமில்லை என்றார் மேலாளர் துரைராஜன்.
இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று
சினைப்பைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் சுரப்பும்
அந்தக் காம்பில்தான்.
கடலில், ஆழமும் உப்பும் இருட்டும் கூடிவந்தால்
அது தானே ஓயும்.
பொறையாற்றுக்குக் கிழக்கே
இந்தச் சிமெண்ட் தொட்டியில் ஓயாது.
அதனால் பாதிக் குரலை நாம் நறுக்குகிறோம்.

நாலாம் இரவு டார்ச் அடித்தால்
முதுகோட்டில் பச்சை ஓடியிருக்கும்.
விடிவதற்குள் மூன்று லட்சம் முட்டை.
அதற்கப்புறம் என் வேலை வெறும் காத்திருப்பு.
நாப்ளி எதுவும் தின்னாது,
கொண்டுவந்த கொழுப்பிலேயே நீந்தும்.
சோயியா ஆன அன்று பசி பிறக்கும்.
மைசிஸ் தலைகீழாகப் பின்னோக்கிப் போகும்,
ஏன் என்று எனக்குத் தெரியாது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டை கழற்ற வேண்டும்.
ஒன்றைத் தாண்டி அடுத்தது வந்ததாக
பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பெனிட்டாவுக்குப் போன வருஷம்
மூன்று ஜோடி செருப்பு வாங்கினேன்.
மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்ச்,
பின்னால் இருப்பவர்களுக்குப் பலகை மறைக்கிறதாம்.
தஞ்சாவூரில் இடக்கையைப் படம் எடுத்தார்கள்.
பிள்ளைக்கு எட்டு,
எலும்புக்குப் பதினொன்று என்றார் டாக்டர்.
மணிக்கட்டில் சின்னச் சின்னக் கூழாங்கல்லாய் எலும்புகள்,
நடுவே கறுப்பு இடைவெளி.
அது அடைபட்டால் உயரம் அங்கேயே நின்றுவிடும்.
மூளையின் அடியில் பட்டாணி அளவு ஒன்று
யாரோ கூப்பிட்டதாக நினைத்து முந்தி எழுந்துவிட்டது.

ஊசி வினோதமான ஊசி.
நிறுத்து என்று சொல்வதில்லை.
அதே கூப்பிடும் குரலைத்தான்
விடாமல், மூச்சுவிடாமல் கேட்கவைக்கிறது,
காது மரத்துப்போய்த் திரும்பித் தூங்கும்வரை.
இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை.

மச்சான் போன் செய்தான்,
செய்தி கேள்விப்பட்டேன், புடவை எடுக்கட்டுமா என்று.
செருப்பு வேண்டுமானால் எடு என்றேன்.
அதோடு அவன் பேசவில்லை.

மயிலாடுதுறை தாண்டினால் இருபுறமும் சம்பா,
இடுப்பளவு, ஒரு கதிர்கூட இல்லை.
இரவு நீளுமட்டும் அது சூல் பிடிக்காது,
எவ்வளவு யூரியா கொட்டினாலும்.
ஜன்னலோரம் பெனிட்டா
புட்டத்தில் ஒட்டிய பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கேட்டாள்,
இறாலுக்கு நீங்க என்ன செய்றீங்கப்பா.
முட்டையிட வைக்கிறேன் என்றேன்.
எப்படி.
கும்பகோணத்தில் இறங்கி
அவளுக்குப் பால்பன் வாங்கினேன்.

கேட்டைத் திறக்கும்போது ராத்திரி ஒன்பது.
பலகையில் நாளைக்கு எட்டு பெண்கள்,
என் கையெழுத்திலேயே.
அதன் கீழே அதே சாக்பீஸில்
ஊசிக்கு அடுத்த தேதி குறித்தேன், மறந்துவிடக் கூடாதென்று.
காலையில் துரைராஜன் கேட்டார்,
இது எந்தத் தொட்டி?

இடுக்கி சூடேறிக்கொண்டிருந்தது.
வீட்டில் அவள் இன்னும் தூங்குவாள்,
பாதம் இரண்டும் கட்டிலுக்கு வெளியே.